பூங்கோதை நின்ற இடம்

எங்கள் வீட்டில் பெரிய முடிவு எதையும் மனிதர்கள் எடுத்ததில்லை. உறையூரில் எங்கள் தெருமுனைக் கோயிலில் இருந்த அம்மன்தான் எடுத்தாள். வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனியே தாளில் மடித்து, ஒன்றுபோலப் பொட்டலம் கட்டி, அவள் காலடியில் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. பொன்மலைப் பணிமனையில் அப்பாவுக்குப் பதவி உயர்வோடு வந்த ஊர் மாற்றத்தைத் தடுத்தது ஒரு சிவப்புப் பூ. மாடியில் அறை எழும்பியது ஒரு வெள்ளைப் பூவால். முடிவு தப்பாகப் போனால் யாரும் யாரையும் குறை சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டின் சௌகரியமே அதுதான்.

அப்பாவின் தங்கைக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வரன் வந்தபோது பொட்டலத்தை எடுத்த குழந்தை நான். எனக்கு அது நினைவில்லை. வெள்ளை வந்ததாம். "எனக்கு மாப்பிள்ளை பாத்துக் குடுத்தவ இவதான்" என்று அத்தை என்னைக் காட்டிச் சொல்வாள். கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டு சொன்னாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள். அதற்கும் பிறகு சொல்வதை விட்டுவிட்டாள்.

மாமா கல்யாணங்களுக்கும் காரியங்களுக்கும் சமையல் பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருந்தார். அண்டா, குத்துப்போணி, கரண்டி என்று எல்லாவற்றிலும் தன் பெயரின் முதலெழுத்துகளை வெட்டி வைத்திருப்பார். அதிர்ந்து பேசாதவர். எங்கள் வீட்டுக்கு வந்தால் செருப்புகளை வாசலில் ஜோடியாக, வெளியே பார்த்தபடி விட்டுவிட்டுத்தான் உள்ளே வருவார். இவ்வளவு ஒழுங்கான மனிதர்மேல் ஒருத்தி புகார் சொன்னால், கேட்பவர்களுக்குச் சொல்பவள்மேல்தான் சந்தேகம் வரும்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, ஒரு சாயங்காலம் அத்தை ஒரு பையோடு வந்து இறங்கினாள். இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று எனக்குச் சொன்னார்கள். அதே நாளில் அவர்கள் வீட்டு டிவியும் உடைந்தது என்பதைப் பெரியவர்கள் பேச்சில் கேட்டுக்கொண்டேன். டிவி எப்படிக் குளியலறையில் வழுக்கியது என்று அம்மாவிடம் கேட்டு முதுகில் ஒன்று வாங்கினேன்.

அத்தை திரும்பிப் போகவில்லை. எங்களோடு தங்கினாள். ஏழரை மணித் தொடரை எங்களோடு பார்த்தாள்.

அந்தத் தொடரின் நாயகி பூங்கோதை. நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த காலத்திலிருந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். அவளுடைய கணவன் அவளைப் படியிலிருந்து தள்ளிவிட்டவன். ஒரு கல்யாண மண்டபத்தில் இரண்டு வீட்டு உறவுக்கும் முன்னால் அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு, "உன் வாசப்படியை இனி மிதிக்க மாட்டேன்" என்று சபதம் செய்திருந்தாள். அந்தக் காட்சியை ஒரு வாரம் முழுக்கக் காட்டினார்கள். அதன்பின் அவளும் அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

எதிர் வீட்டு டீச்சர் தொடர் பார்க்க எங்கள் வீட்டுக்கு வருவார். அவர் வீட்டுக்காரர் செய்தி தவிர வேறொன்றும் வைக்க விடமாட்டார். டீச்சர் நாற்காலியில், அம்மாவும் அத்தையும் தரையில், அப்பா கட்டிலில் செய்தித்தாளை விரித்துக்கொண்டு. அப்பா தொடர் பார்ப்பதில்லை என்பது வீட்டில் எல்லோரும் காப்பாற்றிய ஒரு நம்பிக்கை.

"அண்ணன் வீட்டுல எத்தனை நாளைக்குத்தான் உக்காந்திருப்பா?" என்று செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து குரல் வரும்.

"சும்மாவா உக்காந்திருக்கா? சமைக்கிறா, துணி துவைக்கிறா, அண்ணன் புள்ளைக்குப் பாடம் சொல்லித் தர்றா" என்பாள் அத்தை, என் தலையைப் பின்னிக்கொண்டே.

"அந்த அண்ணிக்காரிதான் பாவம்" என்பாள் அம்மா.

"அண்ணி பாவம்னா, படியிலேர்ந்து உருண்டவ யாரு அண்ணி?"

விளம்பரம் முடிந்ததும் எல்லோரும் அமைதியாகிவிடுவார்கள். ஒரு கதையைப் பற்றி இத்தனை அக்கறையோடு சண்டை போடும் குடும்பம் எனக்கு வாய்த்ததில் பெருமையாக இருந்தது.

நடுவில் ஒருநாள் பூங்கோதையின் முகம் மாறியது. திரையில் எழுத்து வந்தது: இனி பூங்கோதையாக இவர். பழைய நடிகைக்குக் கல்யாணமாம். டீச்சர் கொதித்துப்போனார். "மூக்கே வேற மாதிரி இருக்கு. இவளை எப்படிப் பூங்கோதைன்னு சொல்றது?" என்றார்.

"மூஞ்சி மாறினா என்ன டீச்சர், புத்தி மாறலியே" என்றாள் அத்தை. "அதே கோவந்தான் பாருங்க கண்ணுல."

இரண்டு நாளில் டீச்சருக்கும் பழைய மூக்கு மறந்துவிட்டது.

இன்று நான் ஒரு நாளிதழில் தொலைக்காட்சிப் பக்கத்துக்கு எழுதுகிறேன். ஏதாவது தொடர் முடிந்தால் மறுநாள் வாசகர்களின் தொலைபேசி அழைப்புகள் வரும். கதை சோகமாக முடிந்ததற்காக யாரும் கோபப்பட்டு நான் கேட்டதில்லை. தாங்கள் ஞாபகம் வைத்திருந்ததைக் கதை மறந்துவிட்டது என்பதுதான் அவர்கள் கோபம். ரொம்ப நாளைக்கு முன்னால் அடமானம் வைத்த நகை என்ன ஆயிற்று, செய்த சத்தியம் என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். அந்தப் பேச்சை நான் முதலில் கேட்டது அத்தையின் வாயிலிருந்துதான். ஆனால் அவள் அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை, உறுதியாகவே சொன்னாள்.

அந்த வருடம் அடுத்த தெருவில் இருந்த பெரியப்பாவின் பெண்ணுக்கு வரன் பார்க்க ஆரம்பித்தார்கள். வந்த இரண்டு இடத்திலும் அத்தையைப் பற்றி விசாரித்தார்களாம். "வாழாவெட்டியா ஒருத்தி வீட்டுல இருந்தா கேக்கத்தானே செய்வாங்க" என்றார் பெரியப்பா. அவர் மெதுவாகப் பேசத் தெரியாதவர். அத்தை அடுக்களையில் இருந்தாள். தாளிக்கும் சத்தம் மட்டும் சற்று அதிகமாகக் கேட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மாமாவை அழைத்துக்கொண்டு வந்தார். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய மாம்பழம் ஒரு கூடை. பருவத்துக்கு முந்திய விலை கூடிய பழம். மாமா செருப்பை ஜோடியாக விட்டுவிட்டு வந்து தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு என் மேலதான் மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். "கோவத்துல கை நீண்டுபோச்சு. எங்க கடைக்கு வாங்க, நசுங்காத பாத்திரம் ஒண்ணு காட்டுங்க பாப்போம். தட்டி நேராக்கினா திரும்பப் பந்திக்குப் போயிருது."

பெரியப்பா அதை ரசித்துச் சிரித்தார். அப்பா சிரிக்கவும் இல்லை, மறுத்துப் பேசவும் இல்லை. "எதுக்கும் பூ போட்டுப் பாத்துருவோம்" என்றார்.

அத்தை அடுக்களை வாசலுக்கு வந்தாள். "வேணாம்ண்ணே. போன தடவை வெள்ளைதானே வந்துச்சு" என்று மணிக்கட்டைக் காட்டினாள். கட்டு பிரித்த பிறகும் அது கொஞ்சம் வளைந்துதான் இருந்தது.

"அப்ப எப்படித்தான் முடிவு பண்றது?" பெரியப்பாவின் குரல் ஏறியது. "நாங்க சொன்னாலும் கேக்க மாட்ட, சாமி சொன்னாலும் கேக்க மாட்ட. வேற யாரு சொல்லணும், அந்த டிவிக்காரி சொல்லணுமா?"

"சொல்லட்டுமே" என்றாள் அத்தை. "அடுத்த வாரம் கதை முடியுதாம். பூங்கோதை புருஷன் வீட்டுக்குப் போனா நானும் போறேன். போகலைன்னா இந்தப் பேச்சை இதோட விட்டுருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். பெரியப்பா, "சரி, பேச்சு மாறக் கூடாது" என்றார். பூவுக்குப் பதில் இன்னொன்று கிடைத்ததில் அப்பாவுக்கு நிம்மதி. அது அவர் முகத்திலேயே தெரிந்தது.

அன்று மாலை அத்தையிடம் கேட்டேன். "பூங்கோதை போயிட்டா என்ன பண்ணுவீங்க?"

"எப்படிடி போவா? அத்தனை பேரு முன்னால சபதம் பண்ணியிருக்கா. படியிலேர்ந்து விழுந்தாளே, அது மறந்து போயிருமா? பாக்கற நாமளே மறக்கல. எழுதறவங்க மறப்பாங்களா?" என்றாள். என் பின்னலை இறுக்கி ரிப்பனைக் கட்டினாள். அந்த வாரம் அவள் வேலை செய்யும்போது மெல்லப் பாடிக்கொண்டே இருந்தாள். அவள் பார்வையில் அது பந்தயமே இல்லை, முடிவு தெரிந்த விஷயம். பூப் பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பூங்கோதையை அவளுக்கு வருடக்கணக்காகத் தெரியும்.

கடைசி வாரத்தில் கதை ஓட ஆரம்பித்தது. எல்லாக் கொடுமைக்கும் காரணமான சின்ன மாமியார் லாரியில் அடிபட்டுச் செத்தாள். காணாமல்போன குழந்தை ரயிலடியில் கிடைத்தது. "வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்க போலருக்கு, சாமானை அள்ளி அள்ளிப் போடறான்" என்றார் டீச்சர். கணவன் திருந்திவிட்டான். தாடி வளர்த்திருந்ததை வைத்து அதைத் தெரிந்துகொண்டோம். அத்தையின் பாட்டு மட்டும் வியாழக்கிழமையோடு நின்றது.

சனிக்கிழமை கடைசிக் காட்சி. பெரியப்பா மாமாவையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமா என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்குப் பால்கோவா கொடுத்தார். அத்தை டிவிக்கு மிக அருகில், முதுகைத் தவிர வேறெதுவும் யாருக்கும் தெரியாதபடி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு கோயில் மண்டபம். கணவன் பூங்கோதையின் காலில் விழுந்தான். அவள் பின்னால் நகர்ந்தாள். முகத்தைக் காட்டினார்கள், மணியைக் காட்டினார்கள், மறுபடி முகத்தைக் காட்டினார்கள். விளம்பரம் வந்தது.

"மன்னிச்சுருவா" என்றார் டீச்சர்.

"மாட்டா" என்றாள் அத்தை, திரும்பாமல்.

விளம்பரம் முடிந்தது. பூங்கோதை கணவனைத் தூக்கி நிறுத்தினாள். "நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள். மின்சாரம் போய்விட்டது.

அது மின்வெட்டுக் காலம். தெரு முழுக்க ஒரே நேரத்தில் பெண்களின் குரல் எழுந்து அடங்கியது. அம்மா மெழுகுவத்தி தேடினாள். பெரியப்பா மின்வாரியத்தைத் திட்டினார். இருட்டில் மாமா யாரிடம் என்றில்லாமல், "வந்துரும், வந்துரும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் டிவியில் அணைந்த பிறகும் நடுவில் ஒரு வெளிச்சப் புள்ளி சிறிது நேரம் இருக்கும். அத்தை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று ஏனோ மின்சாரம் சீக்கிரமே வந்துவிட்டது. படம் தெளிந்தபோது கதை முடிந்திருந்தது. கோயில் படிகளில் எல்லோரும் வரிசையாக நின்று, பார்ப்பவர்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் பூங்கோதை. அவள் பக்கத்தில், தோளோடு தோள் உரச, அவள் கணவன். இருவரும் சிரித்தார்கள்.

"அதோ, நிக்கறா பாரு!" என்று பெரியப்பா தொடையில் தட்டினார்.

"நடுவுல என்ன சொன்னான்னு தெரியலியே, பெரியண்ணே" என்றாள் அத்தை.

"என்ன சொல்லியிருந்தா என்ன? பக்கத்துல நிக்கறாளா இல்லியா?"

அத்தை திரையைப் பார்த்தாள். "நிக்கறா" என்றாள்.

டீச்சர் ஒருவர்தான் சிரித்தார். "அந்த ஓரத்துல பாருங்க, லாரில அடிபட்டுச் செத்தாளே மாமியாக்காரி, அவளும் வந்து நிக்கறா!" எனக்கும் சிரிப்பு வந்தது. செத்தவள் வந்து நிற்கும் படத்தில் பூங்கோதை நிற்பதற்கு என்ன அர்த்தம் என்று அங்கிருந்த ஒருவரும் கேட்கவில்லை. அன்று எல்லோருக்கும் திருப்தி. கதை நன்றாக முடிந்தது என்று நானும் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அத்தை அதே பையோடு மாமாவுடன் கிளம்பினாள். அம்மா அவளுக்குப் பூ வைத்துவிட்டாள். அப்பா பேருந்து நிறுத்தம்வரை போனார். "நீயாச் சொன்னதுதானேம்மா" என்று வழியில் அவர் ஒருமுறை சொன்னது, பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டு நடந்த எனக்குக் கேட்டது. "ஆமாண்ணே, நானாச் சொன்னதுதான்" என்றாள். பேருந்தில் மாமா அவளை ஜன்னலோரம் உட்கார வைத்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"தில்லை நகர்ல கரண்டே போகலியாம். ஸ்டாஃப் ரூம்ல சொன்னாங்க. அவ போகவே இல்லியாம்."

"யாரு?"

"பூங்கோதைதான். 'மன்னிச்சுட்டேன், ஆனா உங்களோட வாழ வரமாட்டேன்'னு சொல்லிட்டு, புள்ளையக் கூட்டிக்கிட்டுத் தனியா நடந்து போறாளாம். அதோட முடிச்சுட்டான். நாம பாத்தது சும்மா எல்லாரும் கடைசியில நின்னு கும்பிட்டது."

அம்மாவின் முறம் நின்றது. சற்று நேரம் கழித்து மறுபடி ஆடத் தொடங்கியது. "இப்ப எதுக்கு டீச்சர் அது? போனவ போயாச்சு" என்றாள்.

"நானும் அதைத்தான் சொல்றேன். இத்தனை வருஷம் பாக்க வச்சுட்டுக் கடைசில சேத்து வைக்காம விட்டா அது என்ன கதை? நாம பாத்தவரைக்குமே நல்லா இருந்துச்சு."

அப்பா வேலை முடிந்து வந்ததும் அம்மா அதைத் தாழ்ந்த குரலில் சொன்னாள். அவர் "ம்" என்றார். பெரியப்பா பெண்ணுக்கு அந்த வியாழக்கிழமை உறுதிப்பூ வைப்பதாக இருந்தது. ஏழரை மணிக்கு அதே இடத்தில் புதிய தொடர் ஆரம்பித்தது. அதன் நாயகி முதல் நாளே அழுதாள்.

ஆடிப்பெருக்குக்கு ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறைக்குப் போனோம். காவிரியில் வெள்ளம் இரண்டு படி ஏறியிருந்தது. அத்தை வீட்டிலிருந்து நடந்தே வந்திருந்தாள். முழங்கை வரை மூடிய ரவிக்கை. பேச்சுக்கு நடுவே திடீரென்று நிறுத்தி, யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பிப் பார்ப்பாள். அம்மாவும் அவளும் படியில் உட்கார்ந்து காதோலை, கருகமணி, பழம் எல்லாம் வைத்து ஆற்றைக் கும்பிட்டார்கள். பிறகு அம்மா, கணவனின் ஆயுசுக்காகக் கட்டும் மஞ்சள் சரட்டை எடுத்து அத்தையின் கழுத்தில் கட்டினாள். அத்தை கூந்தலை ஒரு பக்கமாக ஒதுக்கிக் குனிந்தாள். பின்கழுத்தில் கரண்டிக் காம்பு அகலத்துக்கு ஒரு தழும்பு இருந்தது.

அவளைச் சந்தோஷப்படுத்த என்னிடம் ஒரு செய்தி இருந்தது. மாதக்கணக்காக வைத்திருந்தேன். "அத்தை, பூங்கோதை போகவே இல்லியாம்! வரமாட்டேன்னு சொல்லிட்டாளாம்" என்றேன்.

அவள் குனிந்தபடியே இருந்தாள். "யாரு சொன்னா?"

"டீச்சர் வந்து அம்மாட்ட சொன்னாங்க. அம்மா அப்பாட்ட சொன்னாங்க."

"எப்போ?"

"நீங்க போனதுக்கு மறுநாளே."

அம்மாவின் விரல்கள் முடிச்சில் நின்றன. அத்தை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "கட்டுங்க அண்ணி, நேரமாகுது" என்றாள். முடிச்சு விழுந்ததும் எழுந்து புடவையை உதறிக்கொண்டு, எனக்குப் பலூன் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். தீபாவளிக்கு அழைக்கப் போன அப்பா தனியாகத் திரும்பி வந்தார். பொங்கலுக்கு நாங்கள் கொண்டுபோன சீரை அவள் வாசலிலேயே வாங்கிக்கொண்டாள். எங்கள் வீட்டுக்கு அதற்குப் பிறகு அவள் வரவே இல்லை.

மாசி மாதம் செய்தி வந்தது. மாடிப்படியில் கால் தவறி விழுந்துவிட்டாள் என்றார்கள். அப்படி ஒரு செய்தியை இன்று நான் எழுத நேர்ந்தால் 'கூறப்படுகிறது' என்று முடிப்பேன். அந்த வீட்டில் யாரும் அப்படி முடிக்கவில்லை. பதினாறாம் நாள் சாப்பாடு நடந்தது. ரசம் ஊற்றிய வாளியில் மாமாவின் முதலெழுத்துகள் இருந்தன. அவர் பந்தி நடுவே போய் எல்லோரையும் மெதுவான குரலில், "நல்லாச் சாப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். பெரியப்பா இரண்டாம் முறை பாயசம் வாங்கினார். அப்பா இலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தார்.

ஆடிப்பெருக்கு அன்று திரும்பி வரும்போது பேருந்தில் அம்மா என்னை அடிக்கவும் இல்லை, என்னோடு பேசவும் இல்லை. பாலத்தில் போகும்போது நான் பலூனை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு மலைக்கோட்டையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது. பந்தயத்தில் ஜெயித்தது அத்தைதான், அதை அவளிடம் யாரும் சொல்லாமல் விட்டிருந்தார்கள், நான் சொல்லிவிட்டேன்.